மீன்தொட்டியில் ஒரு பச்சைத் தடுப்பு

அத்தை களம்பூரிலிருந்து பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அவர் கையில் ஒரு துணிப்பை மட்டும்தான் இருந்தது. அத்தை மகள் கையில் ஓர் ஊறுகாய் பாட்டில் இருந்தது. பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர், தண்ணீருக்குள் சிவப்பாக ஒரு ஃபைட்டர் மீன். வழி நெடுக அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். மூடியில் குத்தியிருந்த ஓட்டைகள் வழியாகத் தளும்பிய தண்ணீரில் அவளுடைய பாவாடை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. அவர் மகளுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு, ஊர்தான் வேறு. லீவு விட்டால் வந்துவிடுவாள். அப்போது லீவு இல்லை. அதனால் எனக்குச் சந்தோஷம் இரண்டு மடங்காக இருந்தது. வீட்டில் வேறு யாரும் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. அப்பா பாதி நெய்த புடவையை அப்படியே விட்டுவிட்டுத் தறியிலிருந்து எழுந்து வந்தார். அத்தையின் உதட்டோரம் வீங்கி, கன்னம் கன்றிப் போயிருந்தது. அதைப் பார்த்தும் அப்பா "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். அம்மா அத்தையை உள்ளறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

வெளியே வந்த அம்மாவிடம் நான் கேட்டேன். "அத்த பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டாங்க" என்றாள். நான் நம்பினேன். எங்கள் வீட்டு பாத்ரூமும் வழுக்கும்.

என்னிடம் ஏற்கெனவே ஒரு ஃபைட்டர் இருந்தது. நீல நிறம். முதலில் தங்கமீன்கள்தான் வாங்கினோம். அவை ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து மிதந்தபோது, நான் அழுத அழுகையைத் தாங்காமல் அப்பா பஜாரில் மீன் விற்கும் கடைக்கு மறுபடி கூட்டிப் போனார். "இது தாங்கும் பாப்பா, ஆனா ஒண்டியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கடைக்காரர் பிளாஸ்டிக் டம்ளரில் போட்டுக் கொடுத்த மீன் அது. தங்கமீன்களுக்காக வாங்கிய பெரிய தொட்டியில் அது ஒண்டியாக, ஜமீன்தார் மாதிரி, வாலை விசிறிக்கொண்டு உலாவும்.

ஊறுகாய் பாட்டிலைப் பார்த்த அப்பா, "இவ்ளோ பெரிய தொட்டி இருக்கே, அதையும் இதுலயே வுட்டுடலாம்" என்று கை நீட்டினார். அத்தை மகள் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள்.

"வேணாம் மாமா. ஒண்ணா வுட்டா கடிச்சிக்கும்."

"மொதல்ல கடிச்சிக்கும். அப்புறம் பழகிடும்."

"பழகாது" என்றாள் அவள்.

அப்பாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எல்லாம் பழகிவிடும் என்பதுதான் அப்பாவின் கொள்கை. புதுத் தறி பழகிவிடும், புது வாத்தியார் பழகிவிடுவார், கண்ணாடி போட்டுக்கொண்டால் மூக்கு பழகிவிடும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "அப்ப நடுவுல ஒரு தடுப்பு போட்டுடலாம்" என்றார்.

முதல் தடுப்பு, தறிக்கு மேலே தொங்கும் டிசைன் அட்டைகளில் கழித்துப்போட்ட ஒன்று. அதில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும், தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வரும் என்பது என் யோசனை. மீன் இல்லாமல் வெறும் தண்ணீரில் வைத்துப் பார்த்தோம். சாயங்காலத்துக்குள் அட்டை ஊறின அப்பளமாகி நடுவில் மடங்கித் தொங்கியது. நல்ல வேளை, சிவப்பு மீன் இன்னும் பாட்டிலிலேயே இருந்தது.

அடுத்து அத்தை மகள் தன் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு ஸ்டிக் ஃபைலை எடுத்தாள். முன்பக்கம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், பின்பக்கம் பச்சை, ஓரத்தில் தாள்களைக் கவ்விப் பிடிக்கும் நீளமான குச்சி. முன்பக்கத்தை வெட்டப் போனேன். அவள் தடுத்தாள். "ஒண்ண ஒண்ணு பாத்துச்சின்னா நாள் முச்சூடும் மொறச்சிகினே இருக்கும். சோறு கூடத் துன்னாது. பச்சதான் வேணும்."

இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

அப்பா கண்ணாடி ஒட்டும் பேஸ்ட் வாங்கி வந்தார். தொட்டியைக் காலி செய்து துடைத்துக் காயவைத்து, ஃபைலின் குச்சியை இரண்டாக வெட்டி, முன் கண்ணாடியில் ஒரு குச்சியும் பின் கண்ணாடியில் ஒரு குச்சியும் நேருக்கு நேராக ஒட்டினோம். புளித்த வாடை வீடெல்லாம் அடித்தது. அந்த வாடை போகும் வரை தண்ணீர் ஊற்றக்கூடாது என்று அத்தை மகள் சொல்லிவிட்டதால் என் நீல மீன் ஜமீனை இழந்து ஒரு குண்டானில் இருந்தது.

ஃபைலிலிருந்து வெட்டிய பச்சைத் தகட்டில் ஓட்டை போடும் வேலை அத்தையிடம் போனது. அதுவரை அத்தை உள்ளறையை விட்டு வெளியே வந்ததே அபூர்வம். வாசலில் யாராவது கூப்பிட்டால்கூட எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார். அடுப்பில் ஆணியைக் காய்ச்சி அத்தை மகள் எடுக்கப் போனபோது, "குடு இங்க, கைய சுட்டுக்குவ" என்று வாங்கி, இடுக்கியால் ஆணியைப் பிடித்து, தகட்டில் ஒவ்வொன்றாகப் பொசுக்கினார். ஓட்டைகள் கோலப்புள்ளி மாதிரி நேராக வந்தன. "அத்த, சூப்பர்" என்றேன். அவர் சிரித்தார். சிரித்தவுடன் உதட்டைக் கையால் பிடித்துக்கொண்டார்.

தகடு இரண்டு குச்சிகளுக்கும் நடுவே கச்சிதமாக இறங்கியது. அடியில் கூழாங்கற்களைக் கொட்டி அமுக்கினோம். வாளியில் பிடித்து ஆறவிட்டிருந்த தண்ணீரை ஊற்றினோம். மீன் எகிறிக் குதிக்காமல் இருக்க மேலே ஒரு கொசுவலைத் துண்டைக் கட்டினோம். இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் சிவப்பு. அப்போதுதான் கவனித்தேன், சிவப்பு மீனின் வால் பாதிதான் இருந்தது. கிழிந்த துணியின் ஓரம் போல நைந்திருந்தது.

"இது வாலு இன்னா ஆச்சி?"

"முன்னாடியே அப்பிடித்தான்" என்றாள்.

தொட்டி இருந்த அலமாரியின் மேல்தான் அத்தையின் செல்போனும் இருந்தது. சத்தத்தை நிறுத்தியிருந்தார். அழைப்பு வந்தால் போன் பலகையில் கிடந்து அதிரும். அந்த அதிர்வில் தண்ணீரில் சுருக்கம் விழும், இரண்டு மீன்களும் ஒரே சமயத்தில் வெடுக்கென்று திரும்பும். அத்தை எடுக்க மாட்டார். அத்தை மகள் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாலும் நிறுத்திவிடுவாள். எழுதிக்கொண்டிருந்தால் பென்சில் அப்படியே நிற்கும். போன் அடங்கிய பிறகுதான் அடுத்த எழுத்து வரும்.

ஒருநாள் அப்பா அந்தப் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டு மாமா வருகிறார், தன் அண்ணனோடு வந்து பேசி அத்தையையும் மகளையும் கூட்டிப் போகிறார் என்றார். அம்மா பாத்திரத்தை ஓசைப்பட வைத்தாள். "நீங்க பேசுங்க, உங்க தங்கச்சிய ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

மாமா வருகிறார் என்றதும் நான் குதித்தேன். உலகத்தில் எனக்குப் பிடித்த பெரியவர்களில் அவருக்கு முதலிடம். களம்பூர் மில்களுக்கு நெல் பிடித்துக் கொடுக்கும் தரகு வேலை. பெரிய மோட்டார் சைக்கிள். எங்களை முன்னும் பின்னும் உட்கார வைத்துப் பக்கத்து ஊர்த் திருமலைக்குக் கூட்டிப் போய், மலைப்படி முழுக்க என்னைத் தோளில் தூக்கிக்கொண்டே ஏறியவர். அப்பா அப்படியெல்லாம் தூக்க மாட்டார். அப்பாவுக்கு முதுகு வலி. மாமா இருக்கும் இடத்தில் எப்போதும் சிரிப்பு இருக்கும், எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவரைப் பார்ப்பதில் அத்தைக்கும் அவர் மகளுக்கும் வேறு ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை தன் துணிப்பையில் துணிகளை மடித்து வைத்தார். மடித்ததையே எடுத்து மறுபடி மடித்தார். அத்தை மகள் தொட்டி முன்னால் நின்றிருந்தாள்.

"எம் மீனு இங்கியே இருக்கட்டும்டி" என்றாள்.

"ஏன்? உனுக்கு வேணாமா?"

"வேணும். இங்கியே இருக்கட்டும். நீ சோறு போடு."

இரண்டு மீனும் எனக்கே என்பதால் நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

வெயில் ஏறும் முன்பே மோட்டார் சைக்கிள் சத்தம் தெருவில் கேட்டது. மாமா வெள்ளைச் சட்டையில், ஸ்வீட் பாக்கெட்டும் மல்லிகைப்பூவும் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு கலர் பென்சில் டப்பாவுமாக வந்தார். பின்னால் அவருடைய அண்ணன். அப்பா "வாங்க மாப்ள, வாங்க வாங்க" என்று பாயை உதறிப் போட்டார். அம்மா வாய்க்குள்ளேயே "வாங்கண்ணா" என்றாள். அத்தை மகள் பென்சில் டப்பாவை வாங்கிக்கொண்டாள், திறந்து பார்க்கவில்லை.

அன்று தறி ஓடவில்லை. எப்போதும் சத்தம் கேட்டுப் பழகிய கூடத்தில் மாமாவின் அண்ணன் தொண்டையைச் செருமியதுகூடப் பெரிதாகக் கேட்டது.

"நம்ம குடும்பத்துல இதெல்லாம் வெளிய தெரியற மாதிரி வெச்சிக்கக்கூடாது" என்றார் அவர். அப்பா தலையாட்டினார்.

"தப்புதான் மச்சான்" என்றார் மாமா. "நெல்லு லோடு ஒண்ணு பேஜாராயிடுச்சி. அந்த டென்ஷன்ல வீட்டுக்கு வந்தா இவ ஒண்ணு சொல்றா, நான் ஒண்ணு சொல்றேன். கை நீண்டுடுச்சி. நானும் மனுஷன்தானே?" சொல்லிவிட்டு அழகாகச் சிரித்தார்.

கை நீள்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை பாத்ரூமில் விழுந்ததற்கும் மாமாவின் கைக்கும் என்ன சம்பந்தம் என்றும் தெரியவில்லை.

"இனிமே அப்பிடி நடக்காது. எம் பொண்ணு மேல சத்தியம்" என்றார் மாமா. அப்பா பெருமூச்சு விட்டார். கூடத்தில் எல்லாருடைய தோளும் கொஞ்சம் இறங்கியது. அப்பா அடுக்களைப் பக்கம் பார்த்து, "என்னம்மா, கெளம்புறியா?" என்றார். அடுக்களை வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அத்தை பையை எடுக்க உள்ளறைக்குப் போனார்.

வேலை முடிந்த சந்தோஷத்தில் மாமா எழுந்து கையை நெட்டி முறித்தார். அப்போதுதான் தொட்டியைப் பார்த்தார்.

"அட! செவப்பன் இன்னும் உயிரோடவா கீறான்?" அவர் குரலில் உண்மையான வியப்பு. "மச்சான், இதோட ஜோடிய பாத்திருக்கணும் நீங்க. மஞ்ச கலரு. ஒரு தடவ ஃபிரண்ட்ஸுங்க வந்திருந்தப்ப ரெண்டையும் ஒரே பக்கெட்ல வுட்டேன். சேவல் சண்டையெல்லாம் கிட்ட நிக்காது. மஞ்சள முடிச்சிட்டான் இவன்." குனிந்து கண்ணாடியைத் தட்டினார். "நடுவுல இன்னாது இது?"

"தடுப்பு மாமா, நாங்களே செஞ்சோம்" என்றேன் பெருமையாக.

"எதுக்கு? பொம்பளப் புள்ளைங்க மாதிரி தனித்தனி ரூமா?" மாமாவின் அண்ணன் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். மாமா கொசுவலையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"அப்பா, வேணாம்பா" என்றாள் அத்தை மகள். மாமா வந்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"சும்மாடா செல்லம். ஒரு நிமிஷம்."

"வேணாம்பா. ப்ளீஸ்பா."

"மாப்ள, பசங்க அழும், வுட்டுடுங்க" என்றார் அப்பா. அவர் முகத்தில் இன்னும் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மாமா தகட்டின் மேல் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தார். கூழாங்கற்கள் கரகரவென்று நகர்ந்தன. தகடு முழுதாக மேலே வந்து, அதிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. இரண்டு மீன்களும் தத்தம் மூலையிலேயே இருந்தன. பிறகு நீலம் திரும்பியது. செவுள்கள் இரண்டும் குடை போல விரிந்தன. அதன் உடம்பே இரண்டு மடங்கானது போல இருந்தது. சிவப்பும் விரித்தது. ஒன்றையொன்று சுற்றின. அவ்வளவு அழகாக என் மீனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த நொடி நீலம் பாய்ந்து, சிவப்பின் பாதி வாலில் பாதியைப் பிய்த்தது. செதில் ஒன்று ஜரிகைத் துணுக்கு போல மின்னிக்கொண்டே மெதுவாகக் கீழே இறங்கியது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்றார் மாமா.

அத்தை மகளைப் பார்த்தேன். அவள் தொட்டியைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி, நெற்றியைச் சுவரில் அழுத்தி, இரண்டு கையாலும் காதுகளை இறுக்கப் பொத்திக்கொண்டு நின்றாள். அழவில்லை. தோள் இரண்டும் காது வரை உயர்ந்திருந்தன.

உள்ளறை வாசலில் அத்தை பையோடு நின்றிருந்தார். அவரும் தொட்டியைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு பையைக் கீழே வைத்தார். நேராக வந்து, மாமாவைத் தாண்டி, வளையலோடு கையைத் தண்ணீருக்குள் விட்டு, சிவப்பு மீனை உள்ளங்கையில் அள்ளினார். காபி குடித்து வைத்திருந்த டம்ளரைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பில் விட்டார்.

"நீங்க கெளம்புங்க" என்றார். "நாங்க வரல."

மாமா சிரித்தார். "இன்னாது?"

"வரல."

"ஒரு மீனுக்காடி?"

"யம்மா, பேசி முடிச்சாச்சி. ஒரு மீனு விஷயத்துக்குப் போயி..." என்று மாமாவின் அண்ணன் எழுந்தார். அத்தை அவர் பக்கம் திரும்பவே இல்லை. மகளிடம் போய், பின்னாலிருந்து அவள் கைகளின் மேல் தன் கைகளை வைத்து நின்றுகொண்டார். ஈரக் கை. அவள் திடுக்கிட்டு, பிறகு யார் என்று தெரிந்து அடங்கினாள்.

மாமாவின் சிரிப்பு போய்விட்டது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அது வேறு யாரோ ஒருவருடைய முகம். "எல்லார் முன்னாடியும் என்னை அசிங்கப்படுத்துறியா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு எட்டு வைத்தார். கை உயர்ந்தது. அந்தக் கையில் பச்சைத் தகடு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கையை அப்பா பிடித்தார். அவர் எப்போது எழுந்தார், எப்போது நடுவில் வந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. முதுகு வலிக்காரர். தெருவில் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாதவர். ஆனால் விடவில்லை.

"குடுங்க மாப்ள" என்றார். தகட்டை வாங்கினார். "வண்டிய எடுங்க."

"மச்சான், நீங்களுமா? பொம்பள பேச்ச கேட்டுகினு..."

"வண்டிய எடுங்க" என்றார் அப்பா மறுபடியும். "எம் பொண்ணும் பாத்துகினு இருக்குது."

மாமாவின் அண்ணன்தான் அவரைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். வாசலில் நின்று மாமா தெருவுக்கெல்லாம் கேட்கும்படி என்னவோ கத்தினார். அம்மா போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பட்டப்பகலில் எங்கள் தெருவில் யாரும் கதவைத் தாழ் போடுவதில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்து மறையும் வரை யாரும் நகரவில்லை. பிறகு அப்பா தறிப் பலகையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அத்தை "அண்ணா" என்றார். "இல்லம்மா, இல்லம்மா" என்றார் அப்பா. எதற்கு இல்லை என்றார் என்று தெரியவில்லை.

அதன் பிறகு எத்தனையோ நடந்தது. பெரியவர்கள் வந்தார்கள், போனார்கள். கோர்ட்டுக்கு அலைந்தார்கள். அத்தை ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அத்தை மகள் என் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சிவப்பு மீனுக்கு வால் மெல்ல வளர்ந்தது. "ஒரு மீனுக்காகப் புருஷனை விட்டவள்" என்று ஊர் அத்தையைப் பற்றிப் பேசியது. அதில் கேலி இருந்தது எனக்குத் தெரியாது. நானும் அதைத்தான் நம்பினேன். வகுப்பில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். எங்கள் அத்தைக்கு மீன் என்றால் உயிர் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் அத்தை மகளும் தகட்டைக் கழுவி மறுபடி குச்சிகளுக்கு நடுவே இறக்கினோம். கற்களை அமுக்கினோம். சொம்பிலிருந்த மீனை அவள் பழையபடி தடுப்புக்கு அந்தப் பக்கம் விட்டாள். அது கொஞ்ச நேரம் தரையோடு படுத்துக் கிடந்துவிட்டு, மேலே வந்து காற்றுக் குடித்தது. அப்போதுதான் அவளும் மூச்சு விட்டாள். காலையிலிருந்து என் மனதில் இருந்ததை நான் கேட்டேன்.

"ஏன்டி காத பொத்திகினு நின்ன?"

அவள் கொசுவலையை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"மீனு சண்ட போட்டா சத்தமே வராதுடி" என்றேன். மீனைப் பற்றி அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது அதுதான் முதல் தடவை. அதனால் டீச்சர் மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். மீனுக்குக் குரல் கிடையாது. கடித்தாலும் கடிபட்டாலும் வெளியே ஒன்றும் கேட்காது. பயமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டால் போதும், காதைப் பொத்த வேண்டியதே இல்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவள் சரி என்று தலையாட்டினாள்.